எந்தக் கிணறு யாருக்குப் படியளக்கும்?

எங்க ஊருக்கு வர்ற சென்னை நண்பர்கள் வழக்கமா மூணு கேள்வி கேப்பாங்க. ஆத்துல தண்ணி வந்துடுச்சா? இந்த வருஷம் என்ன நெல்லு? மூணாவதா, வயலுக்கு நடுவுல தெரியிற கம்பி வேலியைக் காட்டி, "அந்த கேஸ் கிணத்துல உங்களுக்கு எவ்வளவு வருது?" மொத ரெண்டுக்கும் பதில் சுலபம். மூணாவதுக்கு "ஒண்ணும் வராது"ன்னு சொன்னா நம்ப மாட்டாங்க. "அமெரிக்காவுல நிலத்துக்காரனுக்கு ராயல்டி கொட்டுதே!"ம்பாங்க.

எங்க ஊர் டீக்கடையிலயும் இப்ப அதே பேச்சுதான். பக்கத்து ஊர்ல பழைய கிணறு ஒண்ணோட நிலக் குத்தகையைப் புதுப்பிக்கிற பேச்சு நடக்குது. இளவட்டத்துல பாதிப் பேர் "வேணவே வேணாம்"ங்குறாங்க. மீதிப் பேர் "எடுக்குறதுன்னா எடுத்துட்டுப் போகட்டும், ஆனா அமெரிக்கா மாதிரி கிணத்தைச் சுத்தி இருக்குற எல்லாருக்கும் பங்கு குடுக்கட்டும்"ங்குறாங்க. கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா அமெரிக்காவுல நிஜமாவே கிணத்தைச் சுத்தி இருக்குற எல்லாருக்கும் பங்கு உண்டா? அறுவடை முடிஞ்ச ரெண்டு மாசமா அதைத்தான் தேடித் தேடிப் படிச்சேன். அங்க ஒரு விவசாயி, "எந்தக் கிணறு எனக்குக் காசு தருது?"ங்குற கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கிறதுக்குள்ள 160 வருஷ வரலாறு இருக்கு.

மண்ணுக்குக் கீழே யாரோடது?

பென்சில்வேனியா மாநிலத்துல டைட்டஸ்வில் பக்கம், 1859 ஆகஸ்ட் கடைசியில, எட்வின் டிரேக் தோண்டின கிணத்துல 69 அடி சொச்சத்துல எண்ணெய் வந்துச்சு. எங்க ஊர் அடிபம்பு ஆழம்கூட இல்லைன்னு சிரிக்கலாம். ஆனா அமெரிக்காவோட எண்ணெய்த் தொழில் அங்கேருந்துதான் எழுந்து நின்னுச்சு.

அங்க அடிப்படை விதி ஒண்ணு இருக்கு. நிலம் யாரோடதோ, அதுக்குக் கீழே இருக்குற கனிமமும் அவரோடது. இங்கிலாந்துச் சட்டத்துல இருந்து வந்த யோசனை இது. அதனால எண்ணெய்க் கம்பெனி அரசாங்கத்துக்கிட்ட மட்டும் போய் அனுமதி வாங்கினா போதாது, விவசாயி வீட்டுத் திண்ணைக்கு வந்து லீஸ் எழுதணும். லீஸ்ல விவசாயிக்கு ஒரு பங்கு உண்டு. அதுதான் ராயல்டி. வழக்கமான பங்கு எட்டுல ஒண்ணு. நம்ம மேல்வாரம், குடிவாரம் மாதிரின்னு வெச்சுக்குங்க. ஒரு வித்தியாசம், இங்க உழைக்கிறதும் செலவழிக்கிறதும் கம்பெனி. நிலத்துக்காரர் எட்டுல ஒண்ணை வாங்கிக்கிட்டு உக்காந்திருப்பார்.

ஆனா இந்த விதியிலயே ஒரு ஓட்டை. கீழ இருக்குற உரிமையை மேல இருக்குற நிலத்துலேருந்து பிரிச்சு வித்துடலாம். தாத்தா நிலத்தை விக்கும்போது "கனிமம் மட்டும் எனக்கே"ன்னு எழுதி வெச்சிருந்தா, இன்னைக்கு அங்க உழுறவருக்கு ராயல்டி கிடையாது. மேற்கு மாநிலங்கள்ல அரசாங்கமே இதைச் செஞ்சிருக்கு. 1916ல வந்த சட்டப்படி மாடு வளர்க்க 640 ஏக்கர் வரைக்கும் இலவசமா குடுத்தாங்க, ஆனா கனிம உரிமையை அரசே வெச்சுக்கிச்சு. அந்தக் குடும்பங்களோட பேரப்பிள்ளைங்க நிலத்துல இன்னைக்குக் கிணறு ஓடும், சத்தமும் லாரியும் அவங்களுக்கு, காசு வேற பக்கம். "அமெரிக்காவுல எல்லாருக்கும் கொட்டுது"ங்குறது இங்கேயே பாதி அடிபட்டுப் போகுது.

உறிஞ்சினவனுக்கே சொந்தம்

அடுத்த சிக்கல், கேஸும் எண்ணெயும் வரப்பு பாத்து நிக்காது. நெல்லு வரப்புக்குள்ள நிக்கும். கல்லு இருந்த இடத்துல இருக்கும். கேஸ் அப்படி இல்ல, அழுத்தம் குறைஞ்ச பக்கம் நகரும். பக்கத்து நிலத்துக்காரர் கிணறு போட்டு உறிஞ்சினா, உங்க நிலத்தடியில இருக்குறதும் அங்க போயிடும். அப்ப அது யாரோடது?

நமக்கு இந்தக் கேள்வி புதுசு இல்ல. நம்ம போர் 150 அடியில இருக்கும்போது பக்கத்துக்காரர் 400 அடி போட்டு இறைச்சா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். கோர்ட்டுக்குப் போனா நிக்காது. தன் நிலத்துக்கு அடியில ஊறுற தண்ணியை நிலத்துக்காரர் எடுத்துக்கலாம்னுதான் 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்துலயும் உதாரணம் போட்டு எழுதியிருக்கு. அதுக்கும் முன்னால, 1843ல, இங்கிலாந்துல நிலத்தடித் தண்ணி வழக்கு ஒண்ணுல வந்த தீர்ப்பும் இதேதான். அமெரிக்க நீதிபதிங்க கேஸுக்கும் அதே பாதையில போனாங்க.

1889ல பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம், கேஸும் எண்ணெயும் காட்டு மிருகம் மாதிரின்னு ஒரு தீர்ப்புல சொல்லுச்சு. உங்க காட்டுல இருக்குற வரைக்கும் உங்களது, வேலி தாண்டிப் போயி இன்னொருத்தர் பிடிச்சா அவரோடது. நம்ம பாஷையில சொல்லணும்னா, மடை தாண்டின மீனு. 1907ல அதே நீதிமன்றத்துக்கு இன்னொரு வழக்கு வந்துச்சு. வேலியோரமா கிணறு போட்டு என் கேஸை இழுக்குறாங்கன்னு ஒரு நிலத்துக்காரர் போனார். நீயும் உன் பக்கம் ஒரு கிணறு போட்டுக்கோ, அதுதான் பரிகாரம்னு அனுப்பிட்டாங்க.

இதோட விளைவு என்னன்னு நினைக்கிறீங்க? பந்தயம்தான். டெக்சாஸ்ல பியூமான்ட் பக்கம் ஸ்பிண்டில்டாப்ல 1901 ஜனவரியில எண்ணெய் பீறிட்டுக் கிளம்பினதும், கோபுரத்துக்குக் கோபுரம் முட்டுற அளவுக்கு நெருக்கி நட்டாங்க. 1930ல கிழக்கு டெக்சாஸ்ல பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிச்சப்ப இன்னும் மோசம். கில்கோர்ங்குற ஊர்ல கடைத்தெருவுக்கு நடுவுல, ஒரு ஏக்கரை விடக் கொஞ்சம் கூடுதலான இடத்துல 24 கிணறு. 1931ல எண்ணெய் பெருகிப் பெருகி, ஒரு டாலருக்கு வித்த பீப்பாய் 10, 15 சென்ட்டுக்கு இறங்கிடுச்சு. அறுவடை சமயத்துல நெல்லு விலை விழுற மாதிரி. அந்த ஆகஸ்ட் மாசம் ஆளுநர் ராஸ் ஸ்டெர்லிங் படையை அனுப்பிக் கிணறுகளை நிறுத்த வேண்டியதாப் போச்சு.

யூனிட் பொறந்த கதை

கிணத்துக்கும் கிணத்துக்கும் இடைவெளி வேணும்னு டெக்சாஸ் 1919லயே விதி போட்டிருந்துச்சு. ஒரு கிணத்துக்கும் இன்னொண்ணுக்கும் 300 அடி, எல்லையிலேருந்து 150 அடி. ஆனா துண்டு நிலக்காரங்க விதிவிலக்கு கேட்டுக் கேட்டு அதைச் சல்லடை ஆக்கிட்டாங்க. அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது. அரை ஏக்கர் வெச்சிருக்கறவர்கிட்ட "நீ கிணறு போடாதே"ன்னா, அவர் பங்கைப் பக்கத்துக்காரர் உறிஞ்சிடுவாரே! கிணறு போட விட்டா நாசம், விடாட்டி அநியாயம்.

இதுக்குக் கண்டுபிடிச்ச வழிதான் யூனிட். ஒரு பெரிய கட்டத்தைக் கிழிச்சு, அதுக்குள்ள இருக்குற எல்லா நிலத்தையும் ஒண்ணாச் சேர்த்துடறது. கட்டத்துக்குள்ள ஒரே கிணறு. அது யார் நிலத்துல நின்னாலும் சரி, வர்றதை ஏக்கர் விகிதத்துல எல்லாருக்கும் பிரிக்கிறது. 1927ல கன்சாஸ் மாநிலத்துல ஆக்ஸ்ஃபோர்டுங்குற சின்ன ஊர், தெருக்கட்டத்துக்கு ஒரு கிணறு, கட்டத்துல இருக்கறவங்க எல்லாருக்கும் பங்குன்னு இதைச் செஞ்சு பாத்துச்சு. 1935ல ஓக்லஹோமாவும் நியூ மெக்சிகோவும் மாநிலச் சட்டமாவே கொண்டு வந்துட்டாங்க. நிலத்துக்காரர் சம்மதிக்கலைன்னாலும் சேர்த்துக்கலாம்ங்குறது வரைக்கும் அந்தச் சட்டம் போச்சு. டெக்சாஸ் அப்படி ஒரு சட்டத்துக்கு 1965 வரைக்கும் இழுத்தடிச்சுச்சு.

பழைய சர்வேப்படி ஓக்லஹோமாவுல ஒரு சதுர மைல் ஒரு கட்டம், அதாவது 640 ஏக்கர். கேஸ் கிணத்துக்குப் பெரும்பாலும் அதுவே யூனிட். இப்ப கணக்கைப் பாருங்க. ஒரு விவசாயிக்கு அந்தக் கட்டத்துக்குள்ள 40 ஏக்கர் இருக்கு. 640ல 40, பதினாறுல ஒண்ணு, 0.0625. அவரோட லீஸ்ல ராயல்டி எட்டுல ஒண்ணு, 0.125. ரெண்டையும் பெருக்கினா 0.0078125. கம்பெனி அவருக்கு அனுப்புற டிவிஷன் ஆர்டர்ங்குற காகிதத்துல இந்த எண்தான் இருக்கும். அந்தக் கிணத்துல 10 லட்சம் டாலருக்கு கேஸ் வித்தா, இவருக்கு 7,812 டாலர் 50 சென்ட். கிணறு அவர் வீட்டு வாசல்ல நின்னாலும் அதேதான், ஒரு மைல் தள்ளி நின்னாலும் அதேதான்.

கட்டத்துக்குக் கோடு எங்க விழுதுங்குறதுதான் எல்லாம். கோட்டுக்கு அந்தப் பக்கம், கிணத்துக்கு நூறு அடி தூரத்துல நிலம் இருக்குறவருக்கு ஒரு சென்ட் வராது. கோட்டுக்குள்ள, கிணத்தைக் கண்ணாலயே பாக்காத கோடி மூலையில இருக்கறவருக்கு மாசா மாசம் காசோலை வரும். நம்ம டீக்கடை சொல்ற "கிணத்தைச் சுத்தி இருக்குற எல்லாருக்கும்"ங்குற ஏற்பாடு அங்கயும் கிடையாது.

கோடு போட்ட பிறகும் ஒரு கண்ணி இருந்துச்சு. உங்க லீஸ்ல மொத்தம் 200 ஏக்கர், அதுல 10 ஏக்கர் மட்டும் யூனிட்டுக்குள்ள விழுந்திருக்குன்னு வைங்க. ராயல்டி 10 ஏக்கருக்கு மட்டும்தான். ஆனா அந்தக் கிணறு ஓடுற வரைக்கும் 200 ஏக்கர் லீஸும் உயிரோட இருக்கும், மீதி 190 ஏக்கரை வேற யாருக்கும் குடுக்க முடியாது. 1947ல லூயிசியானாவுல லாரன்ஸ் பியூங்குற வழக்கறிஞர் இதுக்கு ஒரு வாசகம் எழுதினார். யூனிட்டுக்கு வெளியில இருக்குற நிலம் லீஸ் காலம் முடிஞ்சதும் விடுபட்டுடும்னு. இன்னைக்கும் அதுக்குப் பேரு பியூ வாசகம். ஒரே ஒரு பத்தி. அதைக் கேட்டு எழுதி வாங்கின விவசாயியும் வாங்காத விவசாயியும் ரெண்டு வேற வாழ்க்கை வாழ்ந்தாங்க.

கிணறு படுத்துக்கிட்டப்போ

2004ல பென்சில்வேனியாவோட வாஷிங்டன் மாவட்டத்துல, மார்செல்லஸ்ங்குற பாறை அடுக்குல தண்ணியை அழுத்திச் செலுத்திப் பாறையைப் பிளந்து கேஸ் எடுத்துப் பாத்தாங்க, வந்துச்சு. அதுக்கப்புறம் நேர்க்குத்தா இறங்கின கிணறு, கீழ போயி திரும்பி, படுக்கைவாட்டுல ஒரு மைல், ரெண்டு மைல்னு ஓட ஆரம்பிச்சுது. மேல ஒரே திடல்ல ஆறு, எட்டுக் கிணறு. ஒண்ணு வடக்க போகும், ஒண்ணு தெக்க போகும்.

இப்ப மேல பாத்து ஒண்ணுமே சொல்ல முடியாது. உங்க வீட்டு எதிர்ல இருக்குற திடல்லேருந்து போற குழாய் எல்லாமே உங்களுக்கு முதுகைக் காட்டிட்டு எதிர்ப்பக்கம் போகலாம். குன்றுக்கு அந்தப் பக்கம், நீங்க போயே பாக்காத திடல்லேருந்து ஒரு குழாய் உங்க சோளக்கொல்லைக்கு அடியில வந்து நிக்கலாம். அதுவும் போதாதுன்னு ஆழம் வேற. மார்செல்லஸுக்குக் கீழ யூட்டிகான்னு இன்னொரு அடுக்கு. ஒரே நிலம் ஒரு அடுக்குக்கு ஒரு யூனிட்லயும் இன்னொரு அடுக்குக்கு வேற யூனிட்லயும் இருக்கலாம். மாடி வீட்டுல கீழ்த்தளம் ஒருத்தருக்கு, மேல்தளம் ஒருத்தருக்கு வாடகைக்கு விட்ட மாதிரி.

அதனால அங்க விவரம் தெரிஞ்ச விவசாயி கிணத்தை எண்ணுறதில்ல, காகிதத்தைத்தான் தேடுறார். மாவட்ட நீதிமன்றக் கட்டடத்துல பத்திரங்கள் இருக்குற அலுவலகத்துக்குப் போயி, கம்பெனி பதிவு பண்ணின யூனிட் ஆவணத்தை எடுக்கணும். அதோட இருக்குற வரைபடத்துல தன் நிலம் விழுதா, எத்தனை ஏக்கர், எந்த அடுக்குன்னு பாக்கணும். அப்புறம் மாநில அரசோட கிணறு அனுமதிப் பதிவுல அந்த யூனிட் பேர்ல எத்தனை கிணறு, குழாய் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு பாக்கணும். கடைசியா, மாசாமாசம் வர்ற காசோலைச் சீட்டுல அத்தனை கிணறு பேரும் இருக்கான்னு ஒத்துப் பாக்கணும். ஒண்ணு விட்டுப் போச்சுன்னா எழுதிக் கேக்கணும்.

சட்டம் எப்பவும் விவசாயி பக்கம் நின்னுச்சுன்னும் சொல்ல முடியாது. பென்சில்வேனியாவுல 1979 சட்டப்படி குறைஞ்சது எட்டுல ஒண்ணு ராயல்டி குடுத்தே ஆகணும். ஆனா கிணத்துலேருந்து சந்தைக்குக் கொண்டு போற செலவைக் கழிச்சுட்டுக் குடுக்கலாம்னு 2010ல அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. கமிஷன், கூலி, தரகு எல்லாம் போக கையில நிக்கிற நெல்லுக் காசு மாதிரி ஆயிடுச்சு பல பேருக்கு. இன்னொரு வழக்கு. சஸ்குவஹானா மாவட்டத்துல லீஸுக்கே விடாத 11 ஏக்கர் குடும்பம் ஒண்ணு, பக்கத்து நிலத்துல பாறையைப் பிளந்து எங்க கேஸை இழுக்குறாங்கன்னு போச்சு. 2018ல மேல்முறையீட்டு நீதிமன்றம் குடும்பத்துக்குச் சாதகமாச் சொன்னதை, 2020 ஜனவரியில உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. பாறையைப் பிளந்து எடுத்தாலும் பழைய 'உறிஞ்சினவனுக்கே சொந்தம்' விதி செல்லும்னு சொல்லிடுச்சு. பக்கத்து நிலத்துக்குள்ளயே நுழைஞ்சு பிளந்தாத்தான் அத்துமீறல். அதை ஆயிரக்கணக்கான அடி ஆழத்துல ஒரு விவசாயி எப்படி நிரூபிப்பார்?

நம்ம பக்கம்

இப்ப நம்ம டெல்டாவுக்கு வருவோம். நரிமணத்துல எண்ணெய் வந்தது 1980கள்ல. பனங்குடியில சுத்திகரிப்பு ஆலை 1993ல வந்துச்சு. குத்தாலம், கோவில்களப்பால், அடியக்கமங்கலம், கமலாபுரம்னு கிணறுகள் பரவிடுச்சு. இந்த ஊர்கள்ல எந்த விவசாயிக்கும் எட்டுல ஒண்ணு கிடையாது.

காரணம், 1948ல வந்த எண்ணெய் வயல்கள் சட்டமும் 1959ல வந்த பெட்ரோலிய விதிகளும். அதன்படி நிலப்பகுதியில எண்ணெய், கேஸ் எடுக்குற குத்தகையை மத்திய அரசு ஒப்புதலோட மாநில அரசு குடுக்கும். ராயல்டியும் மாநில அரசுக்குத்தான். கேஸுக்குப் பொதுவா கிணத்தடி விலையில 10 சதவீதம். நிலத்துக்காரருக்குக் கிடைக்கிறது மேல்மண்ணை உபயோகிக்கிறதுக்கான குத்தகைப் பணமும், பயிருக்கான இழப்பீடும்தான். குழாய் மட்டும் போனா அது வேற சட்டம், 1962ஆம் வருஷத்துது. நிலம் உங்க பேர்லதான் இருக்கும், உழலாம், நடலாம். ஆனா குழாய் போற பட்டையில வீடு கட்டக்கூடாது, கிணறு, குளம் வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. அதுக்கு இழப்பீடு, நிலத்தோட சந்தை மதிப்புல 10 சதவீதம். ஒரே ஒரு தடவை.

வேடிக்கை என்னன்னா, நம்ம பழைய கிரயப் பத்திரங்களை எடுத்துப் படிச்சுப் பாருங்க. நிதி, நிக்ஷேபம், ஜலம், தரு, பாஷாணம்னு அடுக்கிக்கிட்டே போகும். புதைஞ்ச நிதி, வெச்சுப் புதைச்ச பொருள், தண்ணி, மரம், கல்லு எல்லாமும் சேர்த்து வித்துட்டேன்னு அர்த்தம். கல்வெட்டு, செப்பேட்டுக் காலத்து அஷ்டபோக வாசகத்தோட மிச்சம் அது. 1878 புதையல் சட்டத்துல கூட, உரிமை கோர யாரும் இல்லாத புதையல் கிடைச்சா கண்டெடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால்னு பங்கு உண்டு. ஒரு பானைத் தங்கத்துல கால் பங்கு கேக்கலாம், கேஸுல கேக்க முடியாது.

2013ல உச்ச நீதிமன்றம், மலபார் ஜென்ம நில வழக்கு ஒண்ணுல, சட்டப்படி பறிக்கப்படாத வரைக்கும் நிலத்தடிக் கனிமம் நிலத்துக்காரரோடதுன்னு சொல்லியிருக்கு. அதைக் காட்டி நாமளும் கேக்கலாமேன்னு எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் ஆர்வமாக் கேட்டான். அந்த வழக்கு கேஸைப் பத்தினதில்ல தம்பி, கேஸுக்கு 1948 சட்டம் தனியா நிக்குதுன்னு சொன்னேன். 2020ல டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா அறிவிச்ச சட்டம் புது எண்ணெய், கேஸ் திட்டங்களைத் தடுக்குது. ஏற்கெனவே ஓடுறது ஓடிக்கிட்டேதான் இருக்கும். அதனாலதான் பழைய கிணத்துக் குத்தகைப் பேச்சு இன்னும் எங்களுக்கு முக்கியம்.

என் கருத்தைக் கேட்டா, ராயல்டி கிடைச்சா எல்லாம் சரியாயிடும்னு நான் நம்பலை. 25 அடியில நல்ல தண்ணி கிடைக்கிற பூமிக்கு எட்டுல ஒண்ணு ஈடாகாது. பென்சில்வேனியாக் கதையைப் படிச்சவங்களுக்கு இன்னொண்ணும் தெரியும். பங்கு உண்டுன்னு சட்டம் இருந்தும் கோடு எங்க விழுதுன்னு கேக்காதவங்க கையில ஒண்ணும் நிக்கலை.

ஆனா கேக்குற பழக்கத்தை அங்கேருந்து எடுத்துக்கலாம். டீக்கடையில ரெண்டு கட்சிக்காரங்களும் உக்காந்து, கிராம சபையில வைக்க ஒரு தாள் எழுதியிருக்கோம். குத்தகைக்குப் போற சர்வே எண்கள் எவை? கிணறு நேர்க்குத்தா, சாய்வா? சாய்வுன்னா கீழ எந்த சர்வே எண்கள் வழியாப் போகுது? குழாய்ப் பட்டை யார் யார் நிலத்துல, எத்தனை மீட்டர்? குத்தகை முடிஞ்சா கிணத்தை யார் மூடுறது, மண்ணை யார் பழைய நிலைக்குக் கொண்டு வர்றது? இந்தக் கிணத்துலேருந்து அரசுக்குப் போன ராயல்டி எவ்வளவு, அதுல எங்க ஊராட்சிக்கு என்ன வந்துச்சு?

கடைசிக் கேள்வியைச் சேர்க்கணும்னு பிடிவாதம் பிடிச்சது, "வேணவே வேணாம்"னு சொன்ன கட்சிதான். தகவல் உரிமைச் சட்டத்துலயும் தனியா ஒரு மனு போட்டாச்சு. பதிலும் வரைபடமும் கைக்கு வந்ததும் இங்கேயே போடுறேன்.